கணினியில் இடம் பண்ணுதல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனுக்களும் பத்திரங்களும் தட்டச்சுச் செய்து தரும் அறைகளிலும், சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளை ஒட்டிக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் கடைகளிலும், அண்ணாமலைநகரில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கும் மாணவர்களின் மேஜைகளிலும், பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போனபின் பெற்றோரிடம் தங்கிவிட்ட பழைய லேப்டாப்புகளிலும், ஏதோ ஒரு நாள் சி டிரைவின் நீலக் கோடு சிவப்பாக மாறிவிடுகிறது. காலியிடம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது விண்டோஸ் இவ்விதம் நிறத்தை மாற்றிக் காட்டும். அதைக் கண்டு திடுக்கிட்ட உடைமையாளர் செய்யும் முதற்காரியம், திரையில் கண்ணெதிரே கிடக்கிற கோப்புகளையெல்லாம் வரிசையாகத் தேர்ந்து அழிப்பதுதான். கண்ணெதிரே கிடப்பவையோ பெரும்பாலும் கடிதங்கள், கணக்குகள், பாதி எழுதி நின்ற கட்டுரைகள். அவற்றில் நூறு கோப்புகளை அழித்தாலும் கோடு சிவப்பாகவேதான் நிற்கும். இடத்தைப் பிடிப்பது ஒன்று, அழிபடுவது வேறொன்று என்கிற இந்த விபரீதத்தைத் தவிர்க்கும் வழியைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். இதன் எடை என்ன? இதை அழித்தால் மறுபடியும் கிடைக்குமா? எடை அதிகமாகவும், மீண்டும் கிடைக்கக்கூடியதாகவும் இருப்பது முதலில் போகவேண்டியது. எடை குறைவாகவும், மீண்டும் கிடைக்காததாகவும் இருப்பதை ஒருபோதும் தொடலாகாது. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவற்றுக்குத்தான் யோசனை தேவை.

எடையைப் பற்றி முதலில் பார்ப்போம். யூனிகோடு முறையில், இன்று எங்கும் வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் குறியேற்றத்தில், தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடம் பிடிக்கிறது. 'கோ' என்னும் எழுத்தில் மெய்யை ஏந்திய குறி ஒன்றும் உயிர்க்குறி ஒன்றுமாக இரண்டு இருப்பதால் அதற்கு ஆறு பைட்டு. பக்கத்துக்கு 1,500 குறிகள் என்று வைத்துக்கொண்டால், 300 பக்கமுள்ள ஒரு நாவல் முழுவதும் சாதாரண எழுத்துக் கோப்பாக 1.3 எம்பி அளவில் அடங்கிவிடும். கைப்பேசியில் உயர்ந்த தரத்தில் எடுத்த வீடியோ ஒரு நிமிஷத்துக்கே சில நூறு எம்பி ஆகக்கூடும். ஆகவே, ஓர் எழுத்தாளர் ஆயுள் முழுவதும் எழுதிக் குவித்ததெல்லாம் அவருடைய பேரன் மொட்டையடித்துக்கொண்ட காட்சியின் ஐந்து நிமிஷத்துக்கு ஈடாகாது. எடையில் என்றுதான் சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கை வாங்கிய கடையிலேயே இடத்தில் ஒரு பகுதியை ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது வீண் சந்தேகம். உற்பத்தி செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024 வீதம் கணக்கிடுகிறது. ஆதலால், அட்டைப்பெட்டியின்மேல் ஒரு டிபி என்று அச்சிட்ட வட்டு திரையில் 931 ஜிபி என்றும், 512 ஜிபி உள்ள எஸ்எஸ்டி 476 ஜிபி என்றும் தோன்றும். எதுவும் களவு போகவில்லை.

இனி, இடம் எங்கே போயிற்று என்று அளந்து பார்க்கும் உபாயம். விண்டோஸ் விசையையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், அதனுள் ஸ்டோரேஜ் என்று போனால் எந்த இனம் எத்தனை ஜிபி பிடித்திருக்கிறது என்று தெரியும். ஆனால் இந்தக் கணக்கு மேலோட்டமானது. போல்டருக்குள் போல்டராகப் புகுந்து, எடை வரிசையில் அடுக்கிக் காட்டுவதற்கு வின்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ முதலிய இலவச மென்பொருள்கள் உண்டு. விஸ்ட்ரீ என்பது ஒவ்வொரு கோப்பையும் தேடி அலையாமல் வட்டின் பதிவேட்டையே நேராகப் படித்துவிடுவதால், லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள வட்டையும் சில விநாடிகளில் கணக்கிட்டுவிடுகிறது. இதைச் செய்யாமல் ஒரு கோப்பையும் அழிக்கவேண்டாமென்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஏனெனில் தம் கணினியை எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று உடைமையாளர் நினைப்பதும், அளந்து பார்த்தபோது தெரியவருவதும் அநேகமாக ஒத்துப்போவதில்லை.

அளந்து முடித்ததும் கைவைக்க வேண்டிய இடம் விண்டோஸ் தானே சேர்த்துவைத்திருக்கும் கழிவுகள். மேற்சொன்ன ஸ்டோரேஜ் பக்கத்திலேயே டெம்பரரி ஃபைல்ஸ் என்றொரு வரி இருக்கிறது. பழைய அப்டேட்களின் மிச்சம், தற்காலிகக் கோப்புகள், ரீசைக்கிள் பின்னில் கிடப்பவை எல்லாம் அங்கே பட்டியலாக நிற்கும். விண்டோஸின் புதிய பதிப்புக்கு மாறிய பிறகு பழைய பதிப்பு முழுவதும் தனி போல்டரில் காத்திருக்கும். அது இருபது ஜிபிக்கு மேலும் பிடிப்பதுண்டு. புதிய பதிப்பில் குறையொன்றும் இல்லையென்று திருப்தி ஏற்பட்டிருந்தால் அதை அழித்துவிடலாம்; இல்லாவிட்டாலும் சுமார் பத்து நாளில் அது தானே போய்விடும். ஒரே ஓர் எச்சரிக்கை: இதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற பெயரும் கலந்திருக்கிறது. 'தற்காலிகம்' என்ற தலைப்பின்கீழ் இருப்பதால் அதுவும் குப்பையே என்றெண்ணி அவசரத்தில் அந்தக் கட்டத்தையும் குறியிட்டுவிட்டால், வங்கியிலிருந்து இறக்கிய கணக்கு அறிக்கை, வருமான வரி ரசீது, தோழி அனுப்பிய கல்யாணப் படம் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அந்தக் கட்டத்தை எப்போதும் காலியாக விட்டுவிட வேண்டும்.

கணினியை உறங்கவைக்கும்போது நினைவகத்தில் இருப்பதை அப்படியே எழுதிவைக்க ஹைபர்னேஷன் கோப்பு ஒன்று சி டிரைவில் மறைந்திருக்கிறது. அது சாதாரணமாக நினைவகத்தின் அளவில் நூற்றுக்கு 40 பங்கு பிடிக்கும். 16 ஜிபி நினைவகம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். மேஜைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதனால் பெரிய பிரயோசனமில்லை. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்னும் எழுத்துக்களை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோட்டுடன் எச், மறுபடி இடைவெளி விட்டு ஆஃப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தக் கோப்பு மறைந்துவிடும். கணினி தொடங்க முன்னைவிடச் சிறிது நேரம் கூடலாம், அவ்வளவே. லேப்டாப்புக்காரர்கள் இதைச் செய்யவேண்டாம். பேட்டரி தீரும் தறுவாயில் பாதியில் நிற்கும் வேலையைக் காப்பாற்றுவது அந்தக் கோப்புத்தான்.

பேஜ்ஃபைல் என்ற கோப்பையும், விண்டோஸ் போல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற பெயரில் இருக்கும் போல்டரையும் கண்டு மனம் கொதிக்கவேண்டாம். பின்னது பார்வைக்குப் பிரம்மாண்டமாகத் தோன்றினாலும், அதன் கோப்புகளிற் பல வேறிடங்களில் இருப்பவற்றுக்கே இன்னொரு பெயராக நிற்பதால், ஒரே எடை இரண்டு முறை எண்ணப்பட்டு நம்மை மிரட்டுகிறது. அதைக் கையால் அழித்தவர்கள் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ள நேர்ந்திருக்கிறது.

ஒரே சொடுக்கில் கணினியைச் சுத்தம் செய்து தருவதாக விளம்பரம் செய்துகொள்ளும் மென்பொருள்களைப் பற்றி என் அபிப்பிராயம் நல்லதல்ல. ரிஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதால் கிடைக்கும் இடம் மிக அற்பம். அதனால் விளையக்கூடிய சேதமோ அற்பமன்று. அத்துறையில் பெயர்பெற்ற சிசிளீனரின் 5.33 பதிப்பிலேயே 2017-ஆம் ஆண்டு விஷமிகள் தீய நிரலைப் புகுத்திவிட்டார்கள் என்பது உலகமறிந்த செய்தி. விண்டோஸில் உள்ள ஸ்டோரேஜ் சென்ஸ் என்னும் வசதியை மாதம் ஒருமுறை இயங்குமாறு அமைத்துவிட்டாலே வீட்டுக் கணினிக்குப் போதும்.

அடுத்தது, மறுபடியும் கிடைக்கக்கூடியவை. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர் ஒருவரின் லேப்டாப்பைத் திறந்தால், டவுன்லோட்ஸ் போல்டரிலும் அதற்குள்ளே டெலிகிராமுக்கென்று தனியாக உள்ள போல்டரிலும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்கள் மூன்று நான்கு பிரதிகளாகக் கிடக்கக் காணலாம். இந்தப் பாடநூல்களை அரசுத் தளத்திலிருந்து எந்த நாளும் இறக்கிக்கொள்ளலாம். பழந்தமிழ் நூல்களை 1998 முதல் மின்னுருவாக்கித் தரும் மதுரைத் திட்டத்தின் கோப்புகளும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய பதிப்புகளும் அத்தகையவையே. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றையும் வேண்டும்போது மீண்டும் எடுக்கலாம். பார்க்கப்போனால், பழைய வில்லங்கச் சான்றை வைத்திருப்பதைவிடப் புதிதாக எடுப்பதே வழக்குக்கு உபயோகம். மென்பொருள்களை நிறுவிய பிறகும் கிடக்கும் நிறுவு கோப்புகள், பார்த்து முடித்த சினிமாக்கள், பிரவுசர்களும் டெலிகிராமும் தமக்குள் சேர்த்துவைத்த கேஷ் ஆகியவற்றையும் தயக்கமின்றி அனுப்பிவிடலாம்.

அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் இருக்கும்வரை இடம் கிடைக்காது. பென் டிரைவிலிருந்து அழித்தாலோ அது பின்னுக்குள் போகாமல் நேராகவே மறைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்ததை, அதன்மேல் வேறொன்று எழுதப்படாதவரை, மீட்கும் மென்பொருளால் சில சமயம் திரும்பப் பெறலாம். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வைக்கவேண்டாம்; டிரிம் என்னும் ஏற்பாட்டினால், அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடுகிறது.

இப்போது, மறுபடியும் கிடைக்காதவற்றுக்கு வருகிறேன். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்த உ. வே. சாமிநாதையர், சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, அங்கே கோயிலில் இருந்த ஏடுகளைச் சாஸ்திரப்படி நெருப்பில் ஆகுதியாக இட்டுவிட்டதாகக் கேட்டு மனம் நொந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த ஏடுகளை எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். பழையவை இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. திறந்தால் ஒன்றும் விளங்காத கோப்பைப் பயனற்றதென்று முடிவுகட்டி அழிக்கிறவர்களும் இதே காரியத்தைத்தான் செய்கிறார்கள்.

நம் ஊர்களில் இந்த அபாயத்துக்கு அதிகமாக இலக்காகிறவை பழைய தமிழ் எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் பாமினி, வானவில் என்று ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. இடைப்பட்ட காலத்தில் அச்சுக்கடைகளில் பேஜ்மேக்கரில் அமைத்த கோயில் மலர்கள், சிறு பத்திரிகைகள், கவிதைத் தொகுதிகள், சாதாரணக் குடும்பத்தார் அச்சிட்ட நினைவு மலர்கள் எல்லாம் அந்தந்த எழுத்துரு கூட இருந்தால்தான் தமிழாகத் தெரியும். அது இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக்களும் அடைப்புக்குறிகளும் தாறுமாறாய்க் கலந்த ஒரு பக்கம் மட்டுமே மிஞ்சும். இடம் பண்ணுவதாக எண்ணி, ஃபான்ட்ஸ் போல்டரில் பெயர் தெரியாத நூறு எழுத்துருக்களை நீக்குகிறவருக்கு மொத்தத்தில் ஒரு செல்ஃபி வீடியோ பிடிக்கும் இடங்கூட லாபமாகாது. ஒரு கடையின் இருபது வருஷ உழைப்பு மட்டும் படிக்க முடியாததாகிவிடும். எழுத்துருவையும் கோப்பையும் ஒரே போல்டரில் சேர்த்து வையுங்கள். முடிந்தவரை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுப் பிரதி ஒன்றையும், எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஒன்றையும் இன்றே செய்துவிடுங்கள். மூன்றும் சேர்ந்தாலும் எடை சொற்பந்தான்.

எடையும் மிகுதி, மறுபடியும் கிடைக்காது என்னும்படி நிற்பவை இரண்டு: வீடியோவும் ஸ்கேனும். 1981 முதல் சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடந்துவரும் நாட்டியாஞ்சலியில் தம் பெண் ஆடியதைப் பதிவு செய்துவைத்திருக்கும் பெற்றோருக்கு அந்தக் கோப்பு இருபது ஜிபி ஆனாலும் பொக்கிஷம். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் எச்265 முறைக்கு மாற்றினால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமலே எடை பாதியளவு குறையக்கூடும். தம் பெண் ஆடிய பகுதிக்கு மட்டும் அசலையே வைத்துக்கொண்டு, மற்றவர் ஆடியவற்றை இவ்விதம் சுருக்குவது உசிதம். ஜிப் செய்து பார்க்கிறவர்களும் உண்டு. படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவையாதலால் ஜிப்பினால் அவை சுருங்குவதில்லை.

ஸ்கேனில் இடம் வீணாவது அறியாமையால். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வர்ணத்தில் ஸ்கேன் செய்தால், 2,480-க்கு 3,508 என்ற கணக்கில் சுமார் 87 லட்சம் புள்ளிகள்; புள்ளிக்கு மூன்று பைட்டாகச் சுருக்காத நிலையில் 26 எம்பி. அதே தாளைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தால், புள்ளிக்கு ஒரே பிட் ஆகையால், ஒரு எம்பியைச் சற்றே தாண்டும். சுருக்கியபின் இன்னும் மிகக் குறையும். 600 புள்ளிக்குப் போனால் எல்லாம் நான்கு மடங்கு. அச்சிட்ட நூலுக்கு 300 புள்ளியில் கறுப்பு-வெள்ளை தாராளம். முத்திரைத்தாள் பத்திரம், பென்சில் குறிப்பு, பழுப்பேறிய கடிதம் இவற்றுக்கு மட்டும் வர்ணமோ சாம்பல் நிறமோ தேவை. ஆராய்ச்சிக்காக நூலகத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படியெடுக்கும் மாணவர்கள் இந்த ஒரு கணக்கை மனத்திற் கொண்டால், புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கும் செலவு மிஞ்சும்.

சி டிரைவ் நிரம்பியிருக்க டி டிரைவ் வெறுமையாகக் கிடப்பது இன்னொரு சாதாரணக் காட்சி. கடையில் வட்டைப் பிரித்துக் கொடுத்தவர் சி-க்கு நூறு ஜிபி மாத்திரம் ஒதுக்கியிருப்பார். அந்த எல்லையை நகர்த்த முற்படுவது தொல்லை. ஏனென்றால் சி-க்கு நேர் வலப்பக்கத்தில் ஒதுக்கப்படாத இடம் இருந்தாலொழிய விண்டோஸ் அதை விரிவாக்காது. அதைக் காட்டிலும் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய போல்டர்களையே இடம் மாற்றிவிடலாம். போல்டரின் மீது வலச்சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று வரிசையாகப் போக வேண்டும். டி டிரைவுக்குள் தனித்தனிப் போல்டர் உண்டாக்கி அதைக் காட்ட வேண்டுமே தவிர, டி டிரைவையே காட்டிவிடக் கூடாது. காட்டினால் அவ்வட்டு முழுதும் டாக்குமெண்ட்ஸாகிவிடும், திருப்புவது கஷ்டம். டி என்பது சுழலும் பழைய வகை வட்டாக இருந்தால் எப்போதாவது டிஃப்ராக் செய்யலாம். எஸ்எஸ்டிக்கு அது வேண்டியதில்லை. இரண்டிலும் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இடம் மாற்றுவதற்கும் அழிப்பதற்கும் முன்பாகப் பிரதி எடுக்க வேண்டும். பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய வீடியோ ஏறவில்லையென்றால், அது ஃபேட்32 முறையில் அமைந்திருக்கிறது என்று பொருள்; அம்முறையில் ஒரு கோப்பு நான்கு ஜிபிக்கு எட்டலாகாது. அதில் உள்ளவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். கூகுள் தரும் இலவச 15 ஜிபி, மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. போட்டோக்களுக்கு அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் முதல் நின்றுவிட்டது. மேலும், ஒன்டிரைவ் போன்று தானாக ஒத்திசைக்கும் ஏற்பாட்டைப் பிரதி என்று நம்பக்கூடாது. கணினியில் அழித்தது அங்கேயும் அழியும்.

தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி உதவியால் அரசன் திறந்து பார்த்தபோது, பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்பது மரபு. முத்திரையிட்ட கதவு அந்த ஏடுகளைத் திருடரிடமிருந்து காத்திருக்கலாம். வேறு பிரதி இல்லாத குறையை அது தீர்க்கவில்லை. நம் காலத்தில் கறையானின் வேலையை மழையும் புயலும் கடலும் செய்கின்றன. 2004 டிசம்பரில் சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம் என்று இந்தக் கரையோரம் அடுத்தடுத்து அடிபட்டிருக்கிறது. தானே புயலுக்குப்பின் பல நாள் மின்சாரமே இல்லை. ஆகவே, கணினியில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு பிரதியோடு திருப்தியடையலாகாது. கடலூர்க்காரர் சிதம்பரத்தில் உள்ள தங்கை வீட்டில் மூன்றாவதை வைப்பதிலும் பூரண பாதுகாப்பில்லை. இரண்டும் ஒரே வடகிழக்குப் பருவமழையில் மூழ்கக்கூடிய ஊர்கள். திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ உறவினர் இருந்தால் அங்கே இருக்கட்டும். இல்லையென்றால் மீண்டும் கிடைக்காத கோப்புகளை மட்டுமாவது இணையத்தில் ஏற்றுங்கள். வெகு நாள் மின்தொடர்பில்லாத எஸ்எஸ்டி தன்னிலுள்ளதை இழக்கக்கூடுமாகையால், வெளியூர்ப் பிரதிக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே உத்தமம். அதையும் வருஷத்துக்கு ஒருமுறை இணைத்துத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அந்தப் பிரதி ஊரைவிட்டுப் போய்ச் சேரட்டும்.